நகர்த்த முடியாத சாப்பாடு

“ராத்திரிச் சாப்பாட்டை ஆறு மணிக்குத்தான் சாப்பிடணும்னு நீங்க எப்போ முடிவு பண்ணீங்க?”

தோரா ஹாக்கிங்கிடம் அதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. மின்சாரக் கம்பெனியின் ‘விருப்பத் தேர்வு மைய’த்தில், பச்சை நிறத்தில் பெரிய பந்து போலிருந்த ஓர் இருக்கையிலிருந்து உருண்டு விழாமல் இருப்பதே பெரும்பாடாக இருந்த நேரத்தில் இந்தக் கேள்வி வந்தது. மூச்சு விடுவதென்று எப்போது முடிவு செய்தீர்கள் என்று கேட்டிருந்தால்கூட அவள் ஏதாவது சமாளித்திருப்பாள்.

“முடிவுன்னு ஒண்ணும் பண்ணலப்பா. ஆறு மணி ஆனா சாப்பிடுவோம். எல்லாரும் அப்படித்தான்.”

“அதான் தோரா பிரச்சினையே!” என்று எதிரே இருந்த இளைஞன் மகிழ்ச்சியோடு தொடையில் தட்டினான். “எல்லாரும் முடிவு பண்ணாமலே சாப்பிட்டுட்டு இருக்காங்க.”

அவன் பெயர் ஃபின்லே. சட்டையில் குத்தியிருந்த அட்டை அவனைத் ‘தேர்வுப் பயிற்சியாளர்’ என்றது. போர்ட் ட்ரெவன்னா ஊருக்கு ஒரே ரொட்டிக் கடையாக இருந்த கட்டடத்தில்தான் இப்போது மையம் நடந்தது. கரண்ட் செலவு கட்டுப்படியாகாமல் ரொட்டிக்காரர் கடையை மூடிவிட்டுப் போன பிறகு, மக்களுக்குக் கரண்டைப் பற்றி விளக்க இடம் தேடிக்கொண்டிருந்த கம்பெனிக்கு அது வசதியாகக் கிடைத்தது. வாசல் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு உள்ளே ஹீட்டரை முழு வீச்சில் ஓடவிட்டிருந்தார்கள். வருகிறவர்களுக்கு வரவேற்பான உணர்வு ஏற்பட வேண்டும் என்பது விதி.

தோராவின் பழைய மீட்டரைப் போன மாதம் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பல வருடங்களாக ஒரு குறையும் இல்லாமல் ஓடியதால் அதை மாற்ற வேண்டியிருந்ததாம். அதோடு எந்த நேரத்துக்கும் ஒரே விலை என்ற பழைய ஒப்பந்தமும் போயிற்று. இனி மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காமல் இருக்கவும் உரிமை உண்டு. அப்படி இருந்தால் அவளுக்காகக் கம்பெனியே தேர்ந்தெடுக்கும்.

ஃபின்லே சுவரில் படம் போட்டுக் காட்டினான். முதலாவது ‘சூரியத் தோழன்’. ஊரில் எல்லாக் கூரையிலும் சூரியத் தகடு இருப்பதால் நண்பகலில் கரண்டை எங்கே கொட்டுவதென்று கம்பெனிக்கே தெரியவில்லை. ஆகவே அப்போது ஏறக்குறைய இலவசம். சாயங்காலம் தங்க விலை. இரண்டாவது ‘உச்சி வீரன்’. இதில் விலை மலிவுதான். ஆனால் மாதத்தில் எந்த ஒரு சாயங்கால அரைமணி நேரத்தில் நீங்கள் அதிகமாகச் செலவழித்தீர்களோ, மாதம் முழுவதும் நீங்கள் அப்படிப்பட்டவர்தான் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். மூன்றாவது ‘சுதந்திரம்’. விலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். மாறும்போதெல்லாம் கைப்பேசி கூவும்.

தோரா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லா நேரத்துக்கும் ஒரே விலையில ஒண்ணும் இல்லையா?” என்றாள்.

ஃபின்லே சட்டென்று பின்னால் திரும்பி, யார் காதிலாவது விழுந்ததா என்று பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“ஒரே விலைங்கறது ஒரு தாலாட்டு, தோரா. இத்தனை வருஷமா உங்களைத் தூங்க வச்சுட்டு இருந்தோம். தப்பு எங்க மேலதான், ஒத்துக்கறோம். காத்து நின்னா விலை ஏறும், மேகம் வந்தா விலை ஏறும். முன்னெல்லாம் அந்தக் கவலைய நாங்களே பட்டுக்கிட்டோம். எவ்வளவு பெரிய சுயநலம், யோசிச்சுப் பாருங்க! இப்ப அந்தக் கவலைய உங்களோட பகிர்ந்துக்கறோம். மொத்தமா.”

“அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?”

“நாங்க உங்க கூடவே இருப்போம்,” என்றான் ஃபின்லே. அதைச் சொல்லும்போது அவனுக்கே கண் கலங்கியது.

தோராவுக்கு வாரத்தில் ஆறு நாள் எந்த நேரத்தில் சாப்பிட்டாலும் ஒன்றுதான். பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தனியாள். ஒரு ரொட்டித் துண்டை நின்றபடி தின்றுவிட்டுப் போகிறவள். வியாழக்கிழமைதான் சிக்கல். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தம்பி கிளெம் சாப்பிட வருவான். ஆறு மணி என்பதை மாற்ற முடியாது. மாற்றினால் அவனிடம் சொல்ல வேண்டும். அவனோடு அவள் பேசி ஏழு வருடம் ஆகிறது.

சண்டைக்குக் காரணம் ஒரு கேரட். போர்ட் ட்ரெவன்னா இருந்த தீபகற்பத்தில் பேஸ்டி என்பது சாப்பாட்டு விஷயமல்ல, கொள்கை விஷயம். செம்புச் சுரங்கம் தோண்ட வந்த முன்னோர்கள் கடல் தாண்டிக் கார்ன்வாலிலிருந்து கையோடு கொண்டுவந்தது அது. மாவுக்குள் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் வைத்து, மடித்து, ஓரத்தைத் திருகிச் சுட வேண்டும். அவ்வளவுதான். அம்மாவை அடக்கம் செய்த அன்று தேவாலயக் கூடத்தில் வந்திருந்தவர்களுக்கெல்லாம் தோராதான் பேஸ்டி செய்தாள். டர்னிப் போதவில்லை. கொஞ்சம் கேரட் நறுக்கிப் போட்டுவிட்டாள். கிளெம் எல்லார் முன்னிலும் ஒன்றைப் பிட்டுப் பார்த்தான். உள்ளே ஆரஞ்சு நிறம்.

“அம்மா இருந்திருந்தா இது நடந்திருக்காது,” என்றான்.

“அம்மா இருந்திருந்தா உனக்கு இந்த வாயும் நீண்டிருக்காது,” என்றாள் தோரா.

அதுதான் கடைசிப் பேச்சு. ஆனால் அடுத்த வியாழக்கிழமை ஆறு மணிக்கு, எப்போதும்போல, கிளெம் வந்து பின்வாசலில் பூட்ஸைக் கழற்றினான். வர வேண்டாம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்வதென்றால் பேச வேண்டுமே. ஊருக்கு வெளியே பார்லி விதைத்துக்கொண்டு தனியாக இருக்கிறவன். இரண்டு பேஸ்டி சாப்பிடுவான். தொலைக்காட்சியில் வானிலை பார்ப்பான். தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவான். ஏழு வருடமாக இப்படித்தான். அவனுக்குக் கேரட் இல்லாதது. தனக்கென்று தோரா ஒன்றே ஒன்று கேரட் போட்டுச் செய்து, ஓரத்தில் முள்கரண்டியால் குத்தி அடையாளம் வைத்துக்கொள்வாள். கொள்கையை அவளும் விடவில்லை. ஆனாலும் வியாழக்கிழமைகளில் மட்டும் அவளுக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வந்துவிடும்.

வேறு நேரத்தில் சுட்டு வைத்தால், ஆறு மணிக்கு வந்து ஆறிப்போன அடுப்பைப் பார்ப்பான். ஒரு வார்த்தை கேட்க மாட்டான். தன்னை வர வேண்டாம் என்கிறாள் என்று நினைத்துக்கொள்வான். அதோடு தீர்ந்தது.

இதையெல்லாம் பந்தின் மேல் உட்கார்ந்தபடி சொல்ல முடியாது. “வியாழக்கிழமை மட்டும் எனக்கு ஆறு மணிக்கு ஓவன் வேணும். அந்த ஒரு வேளைதான் எனக்கு முக்கியம்,” என்று மட்டும் சொன்னாள்.

ஃபின்லே துள்ளி எழுந்தான். “அதுக்குத்தான் விதிவிலக்கே இருக்கு! ‘நகர்த்த முடியாத சாப்பாடு’ன்னு ஒரு வகை. அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பழைய விலை. ஆனா எதனால நகர்த்த முடியாதுன்னு சொல்லணும். மதமா, மருத்துவமா, குடும்பமா?”

கேரட் என்று தோராவின் வாயில் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, “குடும்பம்,” என்றாள்.

“அருமை. அப்ப சாப்பிடறவர் தன் சொந்தக் குரல்ல ‘ஆமாம்’னு சொல்லணும். தலையாட்டினா செல்லாது.”

“எழுதிக் குடுத்தா?”

“எழுத்தை யார் வேணும்னாலும் எழுதலாம், தோரா. குரல்தான் மனசு.”

தம்பி பேச மாட்டான் என்று எப்படிச் சொல்வதென்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஒப்புதல் கிடைக்கும் வரை கற்றல் காலமாக ‘உச்சி வீர’னில் இருக்கட்டும் என்று அவன் திரையில் அமுக்கிவிட்டான்.

அந்த இலையுதிர் காலத்தில் போர்ட் ட்ரெவன்னா முழுவதும் கற்றுக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு டல்சி ‘சூரியத் தோழன்’ எடுத்தாள். தெருவில் பாதிப் பேர் அதையே எடுத்தார்கள். மணி பன்னிரண்டு அடித்தால் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் துணி துவைக்கும் இயந்திரம், தூசி உறிஞ்சி, மரம் அறுக்கும் ரம்பம் எல்லாம் கிளம்பும். ஒருநாள் நண்பகலில் நடந்த சவ அடக்கத்தில் பாதிரியார் தொண்டை கிழியப் பேசியும், இறந்துபோனது யார் என்று கடைசி வரிசைக்குத் தெரியாமலே போயிற்று. பந்து விளையாட்டுச் சங்கத்தார் சனிக்கிழமை இரவு நடனத்தைப் பகல் ஒரு மணிக்கு மாற்றினார்கள். கண் கூசியதால் எல்லாரும் தொப்பி போட்டுக்கொண்டு ஆடினார்கள்.

சாயங்காலம் ஊர் இருட்டாகிவிடும். காற்று நின்று விலை மிகவும் ஏறும் சாயங்காலங்களுக்குக் கம்பெனி ‘சாதனை நேரம்’ என்று பெயர் வைத்திருந்தது. அப்போது எதையும் போடாமல் குளிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கைப்பேசியில் ஒரு நட்சத்திரம் விழும். பன்னிரண்டு நட்சத்திரம் சேர்த்தால் ஒரு டார்ச் லைட். டல்சியின் கணவன் ரெக்ஸ் மட்டும் சாதனை நேரம் முழுவதும் வாசலில் தன் வண்டிக்குள் இஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

“கண்ணாடியைத் தட்டிக் கேட்டேன், பெட்ரோல் செலவாகுதேன்னு,” என்றாள் டல்சி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. “பெட்ரோல் போட்ட பிறகு விலை மாறாதுல்லங்கறான். சரி, நீ எதுல இருக்க?”

“உச்சி வீரன். ஏதோ ஒருநாள் அரைமணி நேரம் பண்ணினதுக்கு மாசம் பூரா அனுபவிக்கணுமாம்.”

“அப்ப கல்யாணம் மாதிரின்னு சொல்லு,” என்று ரெக்ஸ் இருந்த திசையைப் பார்த்தாள் டல்சி. “பேசாம பேஸ்டிய வெளிய கேஸ் அடுப்புல, சாசேஜ் வாட்டற தட்டுல போட்டு எடுத்துரேன்.”

தோரா அவளை, கொள்கையில் கைவைத்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். டல்சி அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டாள்.

தோரா தன் மனதில் பட்டதைச் செய்தாள். வியாழக்கிழமை பகலிலேயே பேஸ்டிகளைச் சுட்டு, துண்டில் சுற்றி, கோடையில் பீர் பாட்டில் வைக்கும் குளிர்பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு கம்பளியும் போர்த்தினாள். குளிரை உள்ளே வைத்திருக்கிற பெட்டி சூட்டையும் வைத்திருக்கும் என்பது அவள் கணக்கு. ஓரளவு வைத்தும் இருந்தது. குழந்தைக்குத் தொட்டுப் பார்த்துக் கொடுக்கும் பாலின் சூடு.

கிளெம் வந்தான். உட்கார்ந்தான். பேஸ்டியை எடுக்கப் போனவன் புறங்கையால் அதைத் தொட்டான். பிறகு திரும்பி ஓவனைப் பார்த்தான். அதன் சின்ன விளக்கு எரியவில்லை. தோரா அடுப்பங்கரைத் துணியை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். கிளெம் ஒன்றைத் தின்றான். இரண்டாவதில் பாதியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தான். பாதி பேஸ்டியை அவன் வைத்துவிட்டுப் போனதே இல்லை. கேரட் சண்டை நடந்த அன்றுகூட முழுசாகத் தின்றுவிட்டுத்தான் கோபித்துக்கொண்டு போனான்.

அந்தப் பாதியை எறிய மனமில்லாமல் தோரா மூன்று நாள் வைத்திருந்தாள். நான்காம் நாள் காலையில் ஃபின்லேக்குப் போன் செய்தாள்.

“அந்தக் குரல் ஒப்புதல்... வீட்டுக்கு வந்து வாங்குவீங்களா?”

“உங்களுக்காக நானே வரேன் தோரா!”

வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கையில் ஒரு பலகைக் கணினியோடு ஃபின்லே வந்தான். இப்போது அவன் சட்டை அட்டை ‘மூத்த தேர்வுப் பயிற்சியாளர்’ என்றது. கிளெம் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது, தன் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் ஒருவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்டான். ஒரு கணம் நின்றான். பிறகு உட்கார்ந்து, வெதுவெதுப்பான பேஸ்டியை எடுத்துக்கொண்டான்.

“கிளெம்! கிளெம்னு கூப்பிடலாம்ல? உங்க அக்கா உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்காங்க,” என்று தொடங்கினான் ஃபின்லே.

தோரா ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அவளுக்குக் காது சிவந்தது.

“வாரம் பூரா அவங்களுக்கு எந்த நேரமும் ஒண்ணுதானாம். வியாழக்கிழமை ஆறு மணிதான் முக்கியமாம். அந்த ஒரு வேளைக்காக மையத்துக்கு வந்து என் முன்னாடி அந்தப் பந்து மேல முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தாங்க. நாங்க இதைப் பிடிவாதம்னு சொல்றதில்ல. ‘நெகிழ்வற்ற பாசம்’னு ஒரு பிரிவே வச்சிருக்கோம். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பழைய விலை வந்துரும், சூடாவே சாப்பிடலாம்.”

கிளெம் மென்றுகொண்டே தட்டைப் பார்த்தான். பிறகு, தட்டைத் தாண்டி, மேசை மேலிருந்த தோராவின் கையைப் பார்த்தான். ஃபின்லே பலகையைத் தட்டினான். அதிலிருந்து ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பதுபோல் வந்தது.

“வணக்கம். வியாழக்கிழமை மாலை ஆறு மணிச் சாப்பாடு உங்களுக்கு இன்றியமையாததா? ஆம் எனில், தெளிவாக ‘ஆமாம்’ என்று சொல்லவும்.”

கிளெம் மென்றான்.

“மன்னிக்கவும். எங்களுக்குக் கேட்கவில்லை. உங்கள் குடும்பத்தினர்மேல் உங்களுக்குப் பற்று உண்டா? ஆம் எனில், தெளிவாக ‘ஆமாம்’ என்று சொல்லவும்.”

“முதல் கேள்வியவே வேற மாதிரி கேக்குது,” என்று ஃபின்லே கிசுகிசுத்தான். “சும்மா சொல்லுங்க கிளெம். அது கோவிச்சுக்காது.”

கிளெம் தக்காளி சாஸ் பாட்டிலைப் பார்த்தான். பாட்டிலும் உதவவில்லை. தோரா தலை நிமிரவில்லை. அவன் பிடிவாதத்தால் பேசாமல் இருக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஏழு வருடமாகச் சேர்ந்து கிடக்கிற முதல் சொல்லை அந்த வீட்டில் ஒரு பலகைக்குக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அவளாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள்.

“நீங்கள் பதில் சொல்லவில்லை,” என்றது குரல். “ஆகவே உங்கள் சாப்பாடு எந்த நேரத்துக்கும் நகரக்கூடியது என்று பதிவு செய்கிறோம். உங்கள் வீடு ‘சுதந்திரம்’ ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு மாற்றப்படுகிறது. உங்கள் நெகிழ்வுக்கு நன்றி.”

ஃபின்லே எழுந்து இருவருக்கும் கைகொடுத்தான். “வாழ்த்துகள்! உண்மையைச் சொன்னா, இதுதான் எல்லாருக்கும் நடக்கணும்னு நாங்க ஆசைப்படறோம். கேள்வி கேக்கறோம், நீங்க யோசிக்கறீங்க, நாங்க முடிவெடுக்கறோம். இதைவிட நல்ல கூட்டு வாழ்க்கை உண்டா?”

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே கிளெம் தட்டைக் கழுவி வைத்தான். வானிலை பார்க்காமலே போய்விட்டான். அவன் வண்டி போகும் சத்தம் தேயும் வரை தோரா பின்வாசலில் நின்றாள். ஃபின்லே உள்ளே அவள் கைப்பேசியில் விலை அலாரத்துக்கு ஒலி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான். காலா என்கிற உள்ளூர்க் கிளியின் கத்தல் நல்லதாம். யாராலும் அதை அலட்சியப்படுத்த முடியாதாம்.

அது உண்மைதான். அடுத்த வாரம் முழுவதும் அந்தக் கிளி கத்தியது. பல் துலக்கும்போது கத்தியது, தேவாலயத்தில் கண்மூடி ஜெபிக்கும்போது கத்தியது. விலை இறங்கினாலும் கத்தியது, ஏனென்றால் அதுவும் ஒரு நல்ல செய்தி. தெருவில் ‘சுதந்திர’க்காரர்கள் கூடக்கூட, பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வீடு கிளி கத்த, நிஜக் கிளிகள் குழம்பிப்போய் ஊரை விட்டு உப்பளத்துப் பக்கம் போய்விட்டன.

வியாழக்கிழமை வந்தது. தோரா வழக்கம்போல மாவு பிசைந்தாள். அவன் வருவானா என்பது தெரியாமலே இறைச்சி நறுக்கினாள். வராதவனுக்கு எதற்கு இரண்டு என்று ஒருமுறை கை நின்றது. ஒன்றாகக் குறைக்கவும் மனம் வரவில்லை. பதிலுக்கு ஒன்று கூட்டி, தன் கேரட் போட்டதோடு நான்காகச் செய்து வைத்தாள். அன்று காலையிலிருந்தே வானத்தை மேகம் மூடியிருந்தது, காற்றும் அடியோடு நின்றிருந்தது. மலைமேல் காற்றாலைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. கைப்பேசியில் கிளி தொண்டை கட்டும்வரை கத்திற்று. பகலில் சுட்டு வைக்கவும் விடவில்லை. பார்த்தால் சாதனை நேரம் இன்று மதியமே தொடங்கிவிட்டதாம். இந்தக் கிளிக்குப் பயந்து பச்சை மாவோடு மேசை முன் உட்கார்ந்திருந்தபோதுதான், ஐந்து மணிக்கே கிளெமின் வண்டி பின்பக்கமாக வந்து நின்றது.

அவன் பூட்ஸைக் கழற்றவில்லை. வண்டியின் பின்தட்டைத் திறந்து, மாலி மரத்து வேர்க்கட்டைகளைக் கீழே உருட்டினான். அவன் நிலத்தை உழும்போது கிளம்பி வருகிற கட்டைகள். கல் மாதிரி கனம், ஒரு கட்டை அரைநாள் எரியும். அவற்றைச் சுமந்துகொண்டு துணி துவைக்கும் கொட்டகைக்குள் போனான். அங்கே பெயிண்ட் டப்பாக்களுக்கும் கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டிகளுக்கும் அடியில் அம்மாவின் விறகு அடுப்பு, இரும்புக் கதவோடு அப்படியே கிடந்தது. அது அங்கே இருக்கிறதென்பது தோராவுக்கே மறந்துபோயிருந்தது.

அவள் விளக்குமாறு எடுத்து வந்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு புகைக்கூண்டில் விட்டுக் குடைந்தான். ஒரு மைனாக் கூடு, சருகு, கரி எல்லாம் அவன் தலையில் கொட்டின. தோராவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். அவன் கரி அப்பிய முகத்தோடு திரும்பி முறைத்தான். அதோடு அவளால் பொத்தி வைக்க முடியவில்லை.

ஆறு மணிக்குப் பேஸ்டிகள் வெளியே வந்தன. அடிப்பக்கம் சற்றுக் கருகியிருந்தது. மேலே பொன்னிறம். பிளவில் சாறு கொதித்து ஆவி பறந்தது. கொட்டகையிலேயே கவிழ்த்துப் போட்ட இரண்டு வாளிகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். கிளெம் புறங்கையால் பேஸ்டியைத் தொட்டான். சுட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அவன் திருப்தியோடு தலையாட்டியதைத் தோரா பார்த்தாள்.

அப்போது வேலிப் படலைத் திறந்துகொண்டு ஃபின்லே வந்தான். ஆள் உயரத்துக்கு ஓர் அட்டை நட்சத்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். சட்டையில் ‘பிராந்திய நடத்தைத் தலைவர்’ என்றிருந்தது.

“தோரா! இன்னைக்குத் தீபகற்பம் பூராவும் கரண்ட் செலவைக் குறைக்கச் சொன்னோம். எல்லாரும் கொஞ்சம் குறைச்சாங்க. ஒரே ஒரு வீடு பூஜ்யத்துக்குப் போச்சு. உங்க வீடு! கம்பெனியில எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினோம். ஆறு மணிச் சாப்பாட்டை விடவே மாட்டேன்னு சொன்ன ஒரு அம்மா, ஒரே வாரத்துல...” கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தவன் நின்றான். “இது என்ன?”

“அடுப்பு,” என்றாள் தோரா.

“இல்ல, உள்ள எரியறது?”

“கட்டை.”

“கட்டைக்கு விலை எப்போ மாறும்?”

“மாறாது.”

“காலையில, சாயங்காலம், எப்பவும் ஒரே விலையா?” ஃபின்லேயின் முகத்தில் உண்மையான கவலை படர்ந்தது. “அப்ப எப்ப சாப்பிடணும்னு நீங்க எதை வச்சு முடிவு பண்ணுவீங்க?”

“பசிச்சா,” என்றாள், சற்று வெட்கத்தோடு.

அவன் நட்சத்திரத்தைச் சுவரில் சாய்த்தான். நிமிர்ந்து நின்றான். அது சொற்பொழிவுக்கு முன்னால் நிற்கிற நிலை என்று இதற்குள் அக்காவுக்கும் தம்பிக்கும் தெரிந்திருந்தது.

“இதை நான் எதிர்ப்புன்னு எடுத்துக்கல. இது ஒரு வாய்ப்பு. இந்த அடுப்பை ‘சமுதாயச் சூட்டு வளம்’னு பதிவு பண்ணிரலாம். புகைக்கூண்டுல ஒரு மீட்டர், அவ்வளவுதான். ஊர்ல நிறைய பேர் சமைக்கும்போது நீங்க அணைச்சிருவீங்க, யாரும் சமைக்காதப்போ கொளுத்துவீங்க. நட்சத்திரம் ரெண்டு மடங்கு. நாங்க யாரையும் பட்டினி போடறதில்ல தோரா, அந்தப் பேச்சே தப்பு. பசியை ஒரே இடத்துல கூட்டமா நிக்க விடாம பரவலாக்கறோம். ஜனங்களுக்கு ஒரே நேரத்துல பசிக்குதே, அதுதான் இந்த நாட்டோட பழைய நோய். நான் என் வீட்டுலயே அப்படித்தான் பழக்கியிருக்கேன். நானும் என் மனைவியும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, எவ்வளவு மிச்சம் தெரியுமா? இப்ப கிளெம், நீங்க அன்னைக்குக் குரல் குடுக்கல. இன்னைக்குக் குடுத்துட்டா அடுப்பையும் உங்களையும் ஒரே கணக்குல...”

“தோரா.”

யார் கூப்பிட்டது என்று தோரா வாசலைப் பார்த்தாள். பிறகுதான் அது வாளியின் மேலிருந்து வந்த குரல் என்று புரிந்தது. கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

“இவனுக்கும் ஒண்ணு குடு,” என்றான் கிளெம். “வாய் நிறைஞ்சாத்தான் மூடுவான்.”

தோராவின் கை தட்டின் மேலேயே நின்றுவிட்டது. அடுப்புக்குள் கட்டை ஒன்று சரிந்து பொறி பறந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“கேரட் போட்டதா, போடாததா?”

“போட்டதைக் குடு. இவனுக்கென்ன தெரியப்போவுது.”

ஓரத்தில் முள்கரண்டிக் குத்து இருந்ததைத் தேடி எடுத்து, ஒரு காகிதத்தில் வைத்து, தோரா ஃபின்லேயின் கையில் கொடுத்தாள். அவன் பேச்சை நிறுத்தாமலே கடித்தான். சுட்ட மாவுக்குள்ளிருந்து கொதிக்கும் சாறு அவன் நாக்கில் பாய்ந்தது. கண்ணில் நீர் தளும்பியது. துப்ப இடமில்லை, அவன் முன்னால் இருவரும் தங்கள் தட்டுகளோடு உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உஸ் உஸ்ஸென்று ஊதி, விழுங்கினான். ஆரஞ்சுத் துண்டு தெரிந்த கடிவாயைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மறுபடி கடித்தான்.

கிளெம் சாஸ் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினான்.

ஃபின்லே மூன்றாவது வாளியைத் தானே கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். அடுப்பங்கரையில் கிளி கத்தியது. அவன் சட்டைப் பையிலும் ஒரு கிளி கத்தியது. அவன் அதை எடுத்துப் பார்க்கவில்லை. கடைசித் துணுக்குவரை தின்று, காகிதத்தில் சிந்தியிருந்ததையும் விரலால் தொட்டு நக்கினான். நட்சத்திரத்தின் ஒரு முனையை மடக்கி, கிழித்து, கிளெம் அடுப்புக்குள் போட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

எழுந்து நின்றபோது ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு வெந்திருந்ததோ, வேறு என்னவோ, மூடிக்கொண்டான். சட்டையில் குத்தியிருந்த அட்டை மேல் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டான். பிறகு வேலிப் படலைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போனான்.